சின்னப் படத்தைச் சின்னதாகவே அச்சிடுங்கள்

பழைய டிஜிட்டல் கேமரா படங்கள் நினைவு ஆல்பத்துக்கு உதவாது என்று யார் கிளப்பிவிட்டார்களோ! 640-க்கு 480 பிக்சல் படம், அங்குலத்துக்கு 300 பிக்சல் கணக்கில் 2 அங்குல அகலத்துக்குத் தெளிவாகவே வரும். 150-க்கு இறங்கினால் 4 அங்குலம். சற்று மங்கும், அவ்வளவுதான். முழுப் பக்கத்துக்கு இழுத்தால்தான் கட்டம் கட்டமாகப் பல்லிளிக்கும். மென்பொருளில் எண்ணை மட்டும் 300 என்று மாற்றினால் இல்லாத விவரம் முளைத்துவிடாது (பலர் இதைத்தான் நம்புகிறார்கள்).

நான் இவற்றைச் சிறு சதுரங்களாக ஒரே பக்கத்தில் அடுக்குகிறேன். ஓரத்தில் கையெழுத்தில் இரண்டு வரி. இருட்டில் எடுத்தவற்றைக் கறுப்பு வெள்ளையாக்கினால் வண்ணப் புள்ளிகள் மறைகின்றன. வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த பிரதியை விடுங்கள். பழைய சிடியில் மூலக் கோப்பு இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.