ஆணி இல்லாமல் ஒரு தேவாலயம்: ஹ்ரோன்செக் மாதிரி, ஐந்தாவது மாதம்

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் செய்துகொண்டிருக்கும் மரச்சட்டகம் நேற்றுதான் கையால் பிடிக்காமல் தானாக நின்றது. மறப்பதற்குள் இதுவரை நடந்ததை எழுதிவிடுகிறேன்.

ஸ்லோவாக்கியாவில், ஹ்ரோன் ஆற்றோரம், பான்ஸ்கா பிஸ்ட்ரிட்சா நகரத்துக்குப் பக்கத்தில் ஹ்ரோன்செக் என்று ஒரு சிற்றூர். அங்கே 1726இல் கட்டி முடித்த லுத்தரன் (கத்தோலிக்கத்திலிருந்து பிரிந்த சீர்திருத்த சபைகளில் ஒன்று) தேவாலயத்தின் சிறிய மாதிரியைத்தான் செய்கிறேன். அந்தப் பகுதி அப்போது ஹங்கேரி அரசின் கீழ் இருந்தது. மன்னர் லியோபோல்டு கத்தோலிக்கர். சீர்திருத்த சபையாரின் கோயில்களைப் பறித்துக்கொண்டிருந்த அரசு, எதிர்ப்பு வலுத்ததும் 1681இல் ஷோப்ரோன் நகரில் கூடிய நாடாளுமன்றத்தில் கொஞ்சம் இறங்கி வந்தது. ஆனால் ஒரு மாவட்டத்துக்கு இரண்டே கோயில்தான், மரத்தால் மட்டும்தான் கட்டலாம், கோபுரம் கூடாது, ஊருக்கு வெளியே இருக்கவேண்டும், வாசல் தெருவைப் பார்க்கக்கூடாது, ஒரே வருடத்தில் சொந்தச் செலவில் முடித்துவிடவேண்டும் என்று நிபந்தனைகள். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. சாமி கும்பிடும் இடத்தைக் கண்ணில் படாமல் வைத்துக்கொள் என்று சொல்வது எவ்வளவு பெரிய அவமதிப்பு!

அதே நிபந்தனைகளோடு செய்து பார்ப்போம் என்று முடிவு செய்தேன். மரம் மட்டும், அதனால் இரும்பு ஆணி கிடையாது, பசை கிடையாது, ஒரு வருடக் கெடு.

கட்டடம் சிலுவை வடிவம். நீள அச்சு 26 மீட்டர், குறுக்கு அச்சு 23 மீட்டர். ஐம்பதில் ஒரு பங்காகக் குறைத்தால் 52க்கு 46 சென்டிமீட்டர், என் மேசைக்குச் சரியாக இருந்தது. முதலில் தேக்குத் துண்டுகளை எடுத்தேன். ஆறு மில்லிமீட்டர் குச்சியில் துளை போட்டால் பாதிக்குப் பாதி பிளந்துவிட்டது. பக்கத்துத் தெரு ஆசாரி பார்த்துவிட்டு, "தம்பி, இதுக்குக் குமிழ் எடுங்க, கைக்கு அடங்கும்" என்றார். அடங்கியது. மர ஆணிக்குத் தென்னை ஈர்க்கு. பச்சை ஈர்க்கை அடித்தால் ஒரு வாரத்தில் சுருங்கி லொடலொடவென்று ஆடுகிறது. நன்றாகக் காயவைத்து அடித்தால்தான் பிடிக்கும். கட்டை சற்றே ஈரமாகவும் ஆணி காய்ந்தும் இருந்தால், கட்டை காயக் காய ஆணியை இறுக்கிக்கொள்ளும் என்று ஆசாரி சொன்னதை ஒரு மூலையில் மட்டும் செய்து பார்த்தேன். அந்த மூலைதான் இன்றுவரை அசையவே இல்லை.

இரண்டாவது மாதம் சட்டகம் முழுவதும் சாய்ந்து விழுந்தது. நிமிர்ந்த தூண், படுத்த உத்தரம், இரண்டை மட்டும் வைத்துக் கட்டியிருந்தேன். விரலால் தள்ளினால் சதுரம் அப்படியே சாய்சதுரமாகப் போய்விடுகிறது. அப்புறம்தான் புகைப்படத்தில் வெளிச்சுவரில் தெரியும் சாய்வுக் கட்டைகளை உற்றுப் பார்த்தேன். அதுவரை அழகுக்கு வைத்தது என்றே நினைத்திருந்தேன், உண்மையில் கட்டடத்தை நிறுத்துவதே அவைதான். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சாய்வுக் கட்டை போட்டதும் முக்கோணமாகிவிடுகிறது, முக்கோணம் நசுங்காது. இதற்கே ஏழு வாரம் போனது. அவர்கள் 1725 அக்டோபரில் தொடங்கி அடுத்த இலையுதிர் காலத்துக்குள் முழுக் கோயிலையே எழுப்பிவிட்டார்கள்.

ஒரு சோதனையும் செய்தேன். சிலுவையின் ஒரு சிறகை ஈர்க்குகளைத் தட்டி எடுத்துப் பிரித்து, கட்டைகளுக்கு எண் போட்டு, மறுநாள் மாற்றாமல் கோத்தேன். பொருந்தியது! இதே நிபந்தனைகளின்படி கட்டிய பாலுட்ஸா ஊர்க் கோயில் 1774இல் எழுந்தது, சுமார் ஆறாயிரம் பேர் கொள்ளும் என்பார்கள். லிப்டோவ்ஸ்கா மாரா அணை நீரில் அந்த ஊர் மூழ்கவிருந்தபோது கோயிலைப் பிரித்து ஸ்வெட்டி கிரீஷ் ஊருக்குக் கொண்டுபோய் மறுபடி நிறுத்தினார்கள். கல்லால் கட்டக்கூடாது என்று தடுத்ததாலேயே அந்தக் கோயிலைத் தூக்கிக்கொண்டு போக முடிந்திருக்கிறது. அந்த வகைக் கோயில்களில் ஸ்லோவாக்கியாவில் இப்போது ஐந்துதான் மிஞ்சியிருக்கின்றன. ஹ்ரோன்செக் உட்பட மூன்று, 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின.

அடுத்தது உள்ளே இருக்கைகள். ஏறக்குறைய 1,100 பேர் உட்கார, அரங்கம் போலப் படிப்படியாக உயர்ந்து பீடத்தைச் சுற்றி நிற்கும் பலகைகள். அத்தனையும் செதுக்கத்தான் போகிறேன், ஆனால் கூரையை மூடுவதற்கு முன்பே உள்ளே வைத்தாகவேண்டும், இல்லாவிட்டால் கை நுழையாது. மணிக்கூண்டு கடைசியில். அது கோயிலோடு ஒட்டாமல் தனியாகத் தள்ளி நிற்கிறது, அதையும் மரத்தால்தான் கட்டியிருக்கிறார்கள். அதற்காகக் குமிழ்க் கட்டையில் ஒரு துண்டை இப்போதே எடுத்து வைத்துவிட்டேன். கெடு முடிய இன்னும் ஏழு மாதம்.