சம்பளம் வராத முதல் மாதம்
நேற்று மாதக் கடைசி. 11 வருடத்தில் முதல்முறையாகச் சம்பளக் குறுஞ்செய்தி வரவில்லை. மனசு கொஞ்சம் திக்கென்றுதான் இருந்தது.

மென்பொருள் வேலையை விட்டுவிட்டு ஈரோட்டில் மரச்செக்கு போட்டிருக்கிறேன். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறக்குறைய 2.5 கிலோ பருப்பு வேண்டும். சரியாகக் காயாத பருப்பை ஆட்டினால் எண்ணெய் சீக்கிரமே சிக்கு வாடை அடித்துவிடும். கையில் உடைத்துப் பார்த்துப் பருப்பு நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்கச் சொல்லித்தந்தவர் பழைய செக்குக்கார அண்ணன் ஒருவர். அவருக்கு நான் கடன்பட்டவன்.

அப்புறம், சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவுக்கு ஒரு இடைத்தரகர் 2,000 ரூபாய் கேட்டார். கொடுக்காதீர்கள். அரசுத் தளத்தில் அது முழுக்க இலவசம், நீங்களே செய்துவிடலாம்.

இன்று முதல் டின் நிரம்பியது. அம்மா விரலில் தொட்டு முகர்ந்து பார்த்து, "நல்லா வாசமா இருக்குது கண்ணு" என்றார்.