கமாரோவில் பெயரைவிட ஆண்டே முக்கியம்

1993 முதல் 2002 வரை விற்பனையான நான்காம் தலைமுறை செவர்லே கமாரோ என்ற அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றிப் பேச்சு எழுந்தால், அதன் திறன்மிக்க ரகங்களில் இசட்28 வாங்குவதா, அதற்கும் மேலான எஸ்எஸ் வாங்குவதா என்ற கேள்வியே பெரும்பாலும் முதலில் வருகிறது. இந்தக் காரின் ஆர்டர் பட்டியல்களை நெடுநாளாக ஆசையோடு படித்து வருபவன் என்ற முறையில், அந்தக் கேள்வியை நான் இரண்டாவதாகவே வைப்பேன். கார் 1997 வரையிலான மாடலா, 1998 முதல் வந்த மாடலா என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால், இரண்டிலும் 5.7 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர் இன்ஜின்) என்றே எழுதியிருந்தாலும், அவை ஒன்றோடொன்று உறவில்லாத இரண்டு இன்ஜின்கள்.

முதலாவது எல்டி1. பழைய செவர்லே ஸ்மால் பிளாக் வி8 வரிசையில் வந்த இந்த இன்ஜின், 1993 இசட்28-இல் 275 குதிரைத்திறனைத் தந்தது. அதற்கு முந்தைய ஸ்மால் பிளாக் இன்ஜின்களில் குளிர்நீர் முதலில் சிலிண்டர்கள் அமைந்த அடிப்பகுதியான பிளாக்குக்குள் சென்று, அங்கே சூடான பிறகே அவற்றின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டுக்கு ஏறும். எல்டி1-இல் அந்த ஓட்டத்தைத் தலைகீழாக்கி, குளிர்ந்த நீரை நேராக ஹெட்டுகளுக்கு அனுப்பினார்கள். எரியறையின் மேற்பகுதி சூடேறாமல் இருந்ததால், எரிபொருள் நேரம் தவறி வெடிக்கும் அபாயமின்றி, சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்பதைக் காட்டும் அழுத்த விகிதத்தை 10-க்கு மேல் உயர்த்தி, கூடுதல் திறன் பெற முடிந்தது. இது உண்மையிலேயே அழகான பொறியியல் என்று நான் கருதுகிறேன்.

அதே இன்ஜினின் பெரிய பலவீனமும் அதன் முன்புறத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தீப்பொறிக்கான மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் ஆப்டிஸ்பார்க் என்ற டிஸ்ட்ரிபியூட்டரை வாட்டர் பம்புக்குப் பின்னால், வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்டின் முனையில் பொருத்தியிருந்தார்கள். பம்ப் கசியத் தொடங்கினால் அந்த ஈரம் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இறங்கி, இன்ஜின் தடுமாறத் தொடங்கும். 1995 முதல் உள்ளே சேரும் ஈரத்தை வெளியேற்றும் காற்றோட்ட அமைப்பு வந்தது என்பதால், எல்டி1 வாங்க விரும்புவோருக்கு 1995 முதல் 1997 வரையிலான மாடல்களையே நான் சொல்வேன். 1996-இல் புகைபோக்கி அமைப்பு மாறியதோடு திறனும் 285 ஆக உயர்ந்தது.

எஸ்எஸ் என்ற பெயர் திரும்பி வந்ததும் அந்த 1996-இல்தான். செவர்லே தயாரித்த இசட்28, எஸ்எல்பி இன்ஜினியரிங் என்ற நிறுவனத்திடம் போய், காற்று வாங்கும் திறப்புடன் கூடிய பானெட், 17 அங்குலச் சக்கரங்கள், 305 குதிரைத்திறன் ஆகியவற்றோடு எஸ்எஸ் ஆக வெளிவந்தது. 1997-இல் ஏறத்தாழ நூறு கார்களில் மட்டும் 330 குதிரைத்திறன் கொண்ட எல்டி4 இன்ஜினைப் பொருத்தினார்கள். சேகரிப்பவர்கள் அவற்றைத் தேடுவதில் வியப்பில்லை.

1998-இல் இரண்டாவது இன்ஜினான எல்எஸ்1 வந்தது. பிளாக்கும் ஹெட்டும் அலுமினியம், டிஸ்ட்ரிபியூட்டரே கிடையாது, எட்டு சிலிண்டருக்கும் தீப்பொறிக்கான மின்சாரம் தரும் எட்டுத் தனித்தனி காயில்கள். ஆப்டிஸ்பார்க் தந்த கவலை அத்தோடு தீர்ந்தது. இசட்28-க்கு 305, எஸ்எஸ்-க்கு 320 குதிரைத்திறன் என்று நிறுவனம் அறிவித்தது. அதே குடும்ப இன்ஜினுக்குச் செவர்லேயின் விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட்டில் 345 என்று எழுதியிருந்ததால், கமாரோவின் எண்ணை வேண்டுமென்றே குறைத்துக் காட்டினார்கள் என்று ஆர்வலர்கள் பலர் நம்புகிறார்கள். நானும் அப்படியே நினைக்கிறேன். இந்த இரண்டு ரகங்களுக்கும் இடையிலான 15 குதிரைத்திறன், காற்று உள்ளே வரும் வழியிலும் புகை வெளியேறும் வழியிலும் செய்த மாற்றத்தால் கிடைத்ததே தவிர, இன்ஜினின் உட்புறம் வேறல்ல. ஆகவே, எஸ்எஸ்-ஸின் தோற்றத்தில் மனம் பறிகொடுக்காதவர்களுக்கு, ஆறு கியர் மேனுவல் கொண்ட 1998 இசட்28 போதும் என்பது என் உறுதியான கருத்து. அந்த மேனுவலில், மெதுவாக ஓட்டும்போது முதல் கியரிலிருந்து நேரே நான்காவதுக்குத் தள்ளும் ஒரு எரிபொருள் சிக்கன ஏற்பாடு உண்டு என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

ஆறு சிலிண்டர் கொண்ட வி6 கார்களை இகழ்ந்து பேசுவதை நான் ஏற்பதில்லை. 1993-இல் வந்த 3.4 லிட்டர் இன்ஜினின் 160 குதிரைத்திறன் சாதாரணமானதுதான். ஆனால் 1995-இல் விருப்பத் தேர்வாக நுழைந்து மறு ஆண்டே அடிப்படை இன்ஜினாகிவிட்ட 3.8 லிட்டர் வி6, 200 குதிரைத்திறன் தந்தது. முந்தைய தலைமுறையின் 1992 கமாரோ ஆர்எஸ் ரகத்தில் கிடைத்த 5.0 லிட்டர் வி8 தந்ததோ 170 தான். ஒய்87 என்ற தொகுப்பையும் சேர்த்து ஆர்டர் செய்த வி6 காரில், நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக்கும், ஒரு பின்சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் குறைக்கும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியலும், கூர்மையான ஸ்டியரிங்கும் கிடைத்தன.

இதற்கு நேர் எதிரானது பி4சி. காவல்துறைகளுக்காக ஒதுக்கப்பட்ட அந்தத் தொகுப்பில், வெளித்தோற்றம் சாதாரண கமாரோவாகவே இருக்க, உள்ளே இசட்28-இன் இன்ஜினும் பிரேக்கும் இருந்தன. பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்தை மட்டும் பார்த்து இந்தக் காரை எடைபோட முடியாது. ஒவ்வொரு காருக்கும் உள்ள வாகன அடையாள எண்ணின் (VIN) எட்டாவது இடத்தைப் பாருங்கள்: அங்கே 'ஜி' இருந்தால் எல்எஸ்1, 'கே' இருந்தால் 3.8 லிட்டர் வி6.