கோண்டரில் திருநாளும் விடுப்பும்

எத்தியோப்பியாவின் கோண்டர் நகரில், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றில் தன்னார்வலராகப் பணியாற்றியபோது, விடுமுறையைப் பற்றி நான் போட்ட முதல் கணக்கே தவறிப்போனது. 2018 ஜனவரி 19, வெள்ளிக்கிழமை, இயேசுவின் திருமுழுக்கைக் கொண்டாடும் திம்கத் திருநாள். சனி, ஞாயிறும் சேர்ந்து மூன்று நாள் கிடைத்ததால், விடுப்பில் ஒரு நாள்கூடக் கழியாமல் ஊர் சுற்றலாம் என்று மற்ற தன்னார்வலர்களுடன் தானா ஏரிக்கரையில் உள்ள பாஹிர் தாருக்குப் பேருந்து ஏறிவிட்டேன். 17-ஆம் நூற்றாண்டு மன்னர் ஃபாசிலிதாஸின் பெயரைத் தாங்கிய நீராழிக் குளத்தில், விடியற்காலையில் நீரை மந்திரித்துத் தெளிக்கும் சடங்கைக் காண, நாடெங்கிலுமிருந்து மக்கள் கோண்டரில் வந்து குவிகிற நாளில், அந்த ஊரிலேயே குடியிருந்த நான் ஊரைவிட்டுப் போயிருந்தேன்.

திரும்பி வந்ததும் வீட்டு உரிமையாளரான மூதாட்டி, "நேற்று உன்னைத் தேடினோமே, எங்கே போயிருந்தாய்?" என்று கேட்டார். வயதில் மூத்த பெண்களை அங்கே மரியாதையாக அழைப்பதுபோல நானும் அவரை எமாமா என்றே அழைத்துவந்தேன். அவர் குரலில் கோபம் இல்லை. தம் பிள்ளைகளில் ஒருவர் பந்தியில் இல்லாதபோது எழும் வருத்தமே இருந்தது. அதைக் கேட்டபோது எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

அதனால் ஏப்ரல் 8 அன்று வந்த ஃபாசிகா, அதாவது உயிர்த்தெழுதல் பெருநாளுக்கு, நான் எங்கும் நகரவில்லை. அதற்கு முந்தைய 55 நாள்களும் இறைச்சி, பால், முட்டை எதையும் தொடாமல் நோன்பிருக்கும் வீட்டில், நானும் இயன்றவரை அவர்களோடு சேர்ந்து பருப்பும் கீரையும் வைத்த இஞ்சிரா என்னும் புளித்த மாவு அப்பத்தையே உண்டேன். முந்தின மாலை எமாமா, "இரவு ஒன்பது மணிக்கு எழுப்புகிறேன்" என்றார். அங்கே இரவின் மணிக்கணக்கு மாலை ஆறிலிருந்து தொடங்குவதால், அவர் சொன்ன ஒன்பது மணி நமக்கு அதிகாலை மூன்று. தேவாலயத்தில் நெடுநேரம் நின்று வழிபட்டுவிட்டு, நெதலா என்னும் வெள்ளைப் பருத்திச் சால்வை போர்த்தியபடி வீட்டார் திரும்பியிருந்தார்கள். தரையில் புதிதாக அறுத்த பச்சைப் புல்லைப் பரப்பியிருந்தார்கள். அதன் ஈரமணமும் கரி அடுப்பில் வறுபடும் காப்பிக்கொட்டையின் புகையும் அந்தச் சிறிய அறையில் கலந்து நின்றன. மரபுப்படி பன்னிரண்டு துண்டுகளாக வெட்டிச் சமைத்த தோரோ வாத் என்னும் கோழிக்குழம்பில் தோய்த்து, முதல் கவளத்தை எமாமா தம் கையாலேயே என் வாயில் ஊட்டினார். காப்பி அபோல், தோனா, பரக்கா என மூன்று சுற்றாக வரும்; பரக்கா என்றால் ஆசி என்பதால் அதற்குமுன் எழுந்துவிடுவது முறையல்ல. மூன்றாவது சுற்று முடிந்தபோது வெளியே நன்றாக விடிந்திருந்தது. கல்லூரியில் ஆறு மாதம் பழகியும் கேட்காத குடும்பக் கதைகளை அந்த ஓர் இரவில் கேட்டேன்.

இதைச் சொல்வதால் விடுப்பே எடுக்காமல் இருப்பது மேல் என்று பொருளாகாது. எங்களுக்கு மாதத்திற்கு இரண்டு நாள் விடுப்பு சேரும். அமெரிக்காவின் பீஸ் கோர் தன்னார்வலர்களுக்கும் அதே அளவுதான். அதைத் தொடாமல் சேர்த்துவைப்பதையே அர்ப்பணிப்பு என்று நானும் சில மாதங்கள் எண்ணியிருந்தேன். மாணவர்கள் ஒரே ஐயத்தை மூன்றாம் முறை கேட்டால் எரிச்சல் வரத் தொடங்கிய பிறகுதான், களைப்பு எவ்வளவு ஊறிப்போயிருக்கிறது என்பது தெரிந்தது. அந்த எரிச்சலைத் தாங்கவேண்டியவர்கள் மாணவர்கள் என்பதால், விடுப்பு எடுப்பதில் எனக்கு இருந்த குற்றவுணர்வு அன்றோடு போயிற்று.

செப்டம்பர் 11 அன்று அங்கே 2011-ஆம் ஆண்டு பிறந்தது. பதின்மூன்று மாதங்கள் கொண்ட அவர்களுடைய நாள்காட்டி நம்முடையதைவிட ஏழெட்டு ஆண்டுகள் பின்தங்கியது. அந்தப் புத்தாண்டையும், அதே மாதம் 27-ஆம் தேதி வந்த, இயேசுவின் சிலுவை கண்டெடுக்கப்பட்டதைக் கொண்டாடும் மெஸ்கல் விழாவையும் ஊரிலேயே கொண்டாடிவிட்டு, திருநாள் எதுவும் இல்லாத அக்டோபர் வாரம் ஒன்றில், மேலாளரிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து ஐந்து நாள் விடுப்பில் சிமியன் மலைக்குப் புறப்பட்டேன். கோண்டரிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டரில் உள்ள தெபார்க் என்னும் ஊரில் பதிவு செய்து, துப்பாக்கி ஏந்திய காவலர் ஒருவருடன் நடக்கவேண்டும். மழை ஓய்ந்து மலைச்சரிவெல்லாம் பச்சையாக இருந்தது. மார்பில் செந்நிறத் தோல் தெரியும் கெலாடா குரங்குகள் நூறுக்குமேல் கூட்டமாக அமர்ந்து, விரல்களால் புல்லைக் கிள்ளிக் கிள்ளித் தின்றுகொண்டிருந்தன. காற்று நின்றபோதெல்லாம் அந்தக் கிள்ளும் ஓசை மட்டுமே கேட்டது. யாருக்கும் எதையும் கற்பிக்க வேண்டியில்லாமல், ஒரு முழுப் பிற்பகலும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

ஊர் திரும்பிய மாலை எமாமா அடுப்பில் கரி மூட்டிக்கொண்டிருந்தார். மலையில் குளிர் எப்படி என்று விசாரித்தவர், அடுத்த ஜனவரியில் திம்கத் எந்தக் கிழமை வருகிறது என்பதையும் எனக்குச் சொல்லிவைத்தார். அது சனிக்கிழமை.