முகம் இல்லாத அட்டை

தோழியின் முதல் நாவல் அச்சுக்குப் போகிறது. அட்டை நான் வரைந்தது. அந்தப் படம் எப்படி உருவானது என்பது மறந்துபோவதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன்.

நாவலின் பெயர் 'அளவுச் சட்டை'. தையல் வேலை செய்யும் ஒரு அம்மா. சின்ன வயதில் வீட்டைவிட்டுப் போய்விட்ட மகனுக்கு வருடத்துக்கு ஒரு சட்டை தைக்கிறாள். அளவெடுக்க ஆள் இல்லை. இந்நேரம் தோள் இவ்வளவு அகன்றிருக்கும், கை இவ்வளவு நீண்டிருக்கும் என்று அவளாகவே கணக்குப் போடுகிறாள். போன வருடச் சட்டையைத் துணிமேல் விரித்து, அதற்கு ஒரு விரற்கடை வெளியே சாக்பீஸால் கோடு இழுக்கிறாள். அந்தப் பக்கங்களைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

தோழியின் மனதில் இருந்த அட்டை வேறு. ஜன்னலோரம் தையல் மெஷின், அதில் குனிந்திருக்கும் அம்மா, பாதி முகத்தில் வெளிச்சம். "அம்மா இல்லாம என்ன அட்டை?" என்றாள். நியாயமான கேள்விதான். இத்தனை வருடமாக அந்த முகத்தோடு குடித்தனம் நடத்தியவள் அவள். ஆனால் கையெழுத்துப் பிரதி முழுக்கத் தேடினாலும் அம்மாவின் முகத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஊசி ஏறிய கட்டைவிரல் இருக்கிறது, பல்லால் நூலைக் கடிக்கிற பழக்கம் இருக்கிறது, முகம் இல்லை. மகனுக்கும் இல்லை. படிக்கிறவர்கள் தங்களுக்குத் தெரிந்த முகத்தைப் பொருத்திக்கொள்ள அவள் எழுத்திலேயே விட்டுவைத்த இடம் அது. அட்டையில் நான் ஒரு மூக்கை வரைந்துவிட்டால், கடைசிப் பக்கம் வரை அந்த மூக்கு கூடவே வரும்.

எழுத்தாளர் காஃப்காவுக்கு நடந்ததை அவளுக்குச் சொன்னேன். ஒரு மனிதன் காலையில் பூச்சியாக மாறிக் கண்விழிக்கும் அவருடைய 'உருமாற்றம்' 1915இல் நூலாக வரவிருந்தபோது, ஓவியர் அந்தப் பூச்சியை வரைந்துவிடுவாரோ என்று பதறிப்போய்ப் பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதினார். அதை வரையவே கூடாது, தூரத்தில் தெரிவதாகக்கூடக் காட்டக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். கடைசியில் அட்டையில் வந்தது, பாதி திறந்த கதவு, உள்ளே இருட்டு, கைகளால் முகத்தைப் பொத்திக்கொண்டு அந்தக் கதவைவிட்டு விலகும் ஒரு மனிதன். பூச்சி எங்கேயும் இல்லை. ஆனால் கதவுக்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்று பார்த்ததும் தெரிந்துவிடுகிறது.

தோழி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, அப்ப எதை வரையப் போற?" என்றாள்.

சாக்பீஸ் கோடுகளைத்தான். கருநீலத் துணி. நடுவில் ஐந்து வயதுப் பையனின் சட்டை வெள்ளைக் கோடாக. அதைச் சுற்றி அடுத்த வருடத்துச் சட்டை, அதற்கு வெளியே அதற்கடுத்தது. மெஷின், கத்திரிக்கோல், அளவு நாடா எதுவும் வேண்டாம். ஸ்கேல் வைத்து இழுத்த கோடுகள் உயிரில்லாமல் கிடந்தன. நிஜத் துணியில் நிஜ சாக்பீஸால் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. சாக்பீஸ் வளைவில் திரும்பும்போது துணி கூடவே சுருங்கும், கோடு அங்கே இரண்டாகப் பிரிந்து மறுபடி சேரும். அக்குள் வளைவுகளில் எல்லாம் அந்தப் பிரிவை வரைந்திருக்கிறேன். உள்சட்டைகளின் கோடு தேய்ந்து மங்கியிருக்கும். வெளியே போகப் போகத் தூள் இன்னும் உதிராமல் அழுத்தமாக இருக்கும்.

தலைப்பைக் கையால்தான் எழுதினேன். ச், ட் இரண்டின் புள்ளிகளையும் சட்டைப் பொத்தானாக்கிவிடலாம் என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். வேண்டாம் என்றேன். படமே சட்டையாக இருக்கும்போது எழுத்தும் வேஷம் போட வேண்டியதில்லை. புள்ளிகளைச் சற்றுப் பெரிதாக வைத்தேன், அவ்வளவுதான். இணையத்தில் விற்கும்போது அட்டை கட்டைவிரல் நகம் அளவுக்குத்தான் தெரியும். அங்கே முதலில் காணாமல் போவது புள்ளிதான்.

அச்சு வேலையில் எனக்கிருந்த கவலை வெள்ளைக் கோடுகள். நான்கு வண்ண அச்சில் வெள்ளை மை கிடையாது. மை படாமல் விட்ட தாள்தான் வெள்ளை. ஒவ்வொரு மைக்கும் ஒரு அச்சுத் தகடு. அதில் ஒன்று இழை பிசகினாலும் மெல்லிய கோட்டின் ஓரத்தில் சிவப்போ நீலமோ எட்டிப் பார்க்கும். அதனால் நீலத்தில் மஞ்சளை எடுத்துவிட்டு மூன்று மைகளிலேயே நிறுத்திக்கொண்டேன். அட்டைமேல் ஒட்டும் பளபளப்பில்லாத மேட் லேமினேஷன் நிறத்தை இன்னும் கொஞ்சம் அடக்கிவிடும் என்பதால் திரையில் பார்ப்பதற்குச் சற்றுத் தூக்கலாகவே வைத்தேன்.

புத்தகத்தின் முதுகு அளவு இடையில் மாறியது. பிழை திருத்தும்போது தோழி ஒரு அத்தியாயத்தைச் சேர்க்க, 256 பக்கம் 288 ஆனது. பதினாறு பக்கத்தை ஒரு பாரமாகச் சேர்த்து அச்சிடும் கணக்கில் இரண்டு பாரம் கூடுதல். இரண்டு பக்கம் கொண்ட தாள் ஒன்று சுமார் 0.1 மில்லிமீட்டர் கனம் என்று வைத்தால், முதுகு 12.8இலிருந்து 14.4 மில்லிமீட்டர். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் கோடுகள் முன்னட்டையிலிருந்து முதுகைத் தாண்டிப் பின்னட்டைக்கு ஓடுவதால் எல்லாவற்றையும் நகர்த்த வேண்டியிருந்தது. புது அத்தியாயம் அருமையாக வந்திருக்கிறது, நகர்த்தியதில் வருத்தமே இல்லை.

அச்சகத்திலிருந்து நேற்று ஒரு கேள்வி வந்தது. கடைசிச் சட்டையின் கோடு வலது ஓரத்தில் வெட்டுக்கோட்டைத் தாண்டிப் போகிறது, தாளை வெட்டும்போது தோள் போய்விடும், படத்தைக் கொஞ்சம் சுருக்கி உள்ளே தள்ளிவிடலாமா என்று கேட்டிருந்தார்கள். அக்கறையாகக் கேட்ட கேள்வி. வேண்டாம், அப்படியே வெட்டுங்கள் என்று பதில் போட்டுவிட்டுத் தோழிக்கும் அதை அனுப்பினேன். "அவன் எவ்வளவு வளந்திருப்பான்னு அவளுக்கே தெரியாதே, அட்டைக்குள்ள எப்படி அடங்கும்?" என்று பதில் வந்தது.

பின்னட்டைக் குறிப்பு மட்டும் அவள் இன்னும் தரவில்லை. பார்கோடுக்குக் கீழ்மூலையை ஒதுக்கி, அதற்கு மேலே ஆறு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன்.