மேல்முறையீட்டுக்கு ஆள் வந்தாச்சு

எங்கள் சட்ட அலுவலகத்தில் இன்று முதல் மேல்முறையீட்டுக்கென்றே தனி வழக்கறிஞர். வாங்க மேடம்!

தோற்ற கையோடு கட்சிக்காரர்கள் கேட்பது, "மேலே போய் புது சாட்சி சொல்லலாமா?" பொதுவாக முடியாது. அங்கே சாட்சிக்கூண்டும் இல்லை, ஜூரியும் இல்லை. கீழே பதிவானதை வைத்தே, சட்டத்தில் எங்கே பிழை என்று காட்ட வேண்டும். கீழே எழுப்பாத ஆட்சேபணை மேலே பெரும்பாலும் எடுபடாது. அமெரிக்க ஃபெடரல் சிவில் வழக்கென்றால், பொதுவாகத் தீர்ப்பு வந்து 30 நாளுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்பு தாக்கலாக வேண்டும். எழுத்துமூல வாதத்துக்கோ 13,000 சொல் வரம்பு. வளவளவென்று எழுதும் எங்களுக்கு அதுதான் சோதனை.

மேடம் வந்ததும் வராததுமாக ஒரு வழக்கின் விசாரணைப் பதிவைக் கேட்டு வாங்கி, பென்சிலோடு உட்கார்ந்துவிட்டார். அப்புறம் என்ன, வரவேற்பு கேக்கை நாங்களே வெட்டிக்கொண்டோம்.