ஐசியூவில் இறைநம்பிக்கை பற்றி ஆய்வு: நெறிமுறைக் குழு அனுமதி வாங்கிய அனுபவம்

மனிதர்களிடம் நடத்தும் ஆய்வுகளைப் பரிசீலித்து அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் கடிதம் ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. இதே மாதிரித் தலைப்பை எடுக்க நினைக்கும் நர்சிங், மயக்கவியல் மாணவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளியின் உறவினர்கள் அந்த நாட்களை இறைநம்பிக்கையைக் கொண்டு எப்படிக் கடக்கிறார்கள் என்பதுதான் என் எம்.எஸ்சி ஆய்வு. தலையணைக்கு அடியில் விபூதிப் பொட்டலம், மணிக்கட்டில் மந்திரித்த கயிறு, வேளாங்கண்ணி எண்ணெய், ஜம்ஜம் தண்ணீர் என்று எல்லாவற்றையும் தினமும் பார்க்கிறோம். கேஸ் ஷீட்டில் அதைப் பற்றி ஒரு வரி இருக்காது. 2015இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஐசியூ நோயாளிகளின் குடும்பத்தாரோடு மருத்துவர்கள் நடத்திய 249 உரையாடல்களைப் பதிவு செய்து பார்த்தார்கள். மதமோ ஆன்மிகமோ பேச்சில் வந்தது 40இல்தான். அதிலும் பெரும்பாலும் பேச்சை எடுத்தது குடும்பத்தார்.

வழிகாட்டி, துறைத்தலைவர் கையெழுத்தெல்லாம் சுலபமாக முடிந்தது. தொல்லை ஆரம்பித்தது குழு அலுவலகத்தில். எழுத்தர் தலைப்பைப் படித்துவிட்டு, "இது மெடிக்கல் ஸ்டடியே இல்லையே சிஸ்டர், மருந்தும் கிடையாது ஊசியும் கிடையாது" என்று கோப்பைத் திருப்பித் தள்ளினார். உடல்நலம் சார்ந்த சமூக, நடத்தை ஆய்வுகளுக்கும் குழுவின் பார்வை வேண்டும் என்று ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2017 நெறிமுறைகள் சொல்கின்றன. அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் காட்டியபின் வாங்கிக்கொண்டார். சரி, முடிந்தது என்று இருந்தால், கூட்டத்துக்கு முதல் நாள் சாயங்காலம் போன்: தமிழாக்கத்தில் பொருள் மாறவில்லை என்று காட்ட, தமிழ் ஒப்புதல் படிவத்தை மறுபடி ஆங்கிலமாக்கியதற்கான சான்று இல்லையாம். அவர்கள் தந்த பட்டியலில் அந்தத் தாளே கிடையாது! கூட்டம் கைநழுவிப் போனது. இப்போது நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது. நீங்கள் பட்டியலை மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். கோப்பைக் கொடுத்ததும் முத்திரையோடு ரசீது வாங்குங்கள். தமிழாக்கியவரும் மறுபடி ஆங்கிலமாக்குபவரும் வேறுவேறு ஆளாக இருக்கட்டும்.

அடுத்த கூட்டத்தில் முதல் கேள்வியே, "பிரார்த்தனை செய்தால் நோய் குணமாகுமா என்று பார்க்கிறீர்களா?" இல்லை. அதை 2006இல் வெளியான ஆய்வில் அமெரிக்க மருத்துவர் பென்சன் குழுவினர் 1,802 பைபாஸ் நோயாளிகளிடம் பெரிய அளவில் சோதித்துவிட்டார்கள். பிறர் செய்த பிரார்த்தனையால் பலன் தெரியவில்லை. தனக்காகப் பிரார்த்திக்கிறார்கள் என்று உறுதியாக அறிந்திருந்தவர்களுக்கு அறுவைக்குப் பிந்தைய சிக்கல்கள் சற்று அதிகமாகவே இருந்தன. நமது ஆய்வு அது அல்ல என்பதை முன்மொழிவின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள், பாதி விவாதம் குறையும்.

கேள்வித்தாளில்தான் நேரம் போனது. நான் எடுத்தது, துன்பத்தை இறைநம்பிக்கையோடு எப்படி எதிர்கொள்கிறார்கள் என்று அளக்க அமெரிக்க உளவியலாளர் பார்கமென்ட் உருவாக்கிய 14 கேள்விச் சுருக்க அளவுகோல். ஏழு ஆறுதலைப் பற்றியது, ஏழு மனக்கசப்பைப் பற்றியது. கடவுள் என்னைக் கைவிட்டாரோ என்று யோசித்தேன் என்பதை, மகன் வென்டிலேட்டரில் கிடக்கும் அம்மாவிடம் எப்படிக் கேட்பது? பேட்டியை நிறுத்தும் கட்டம், ஆலோசகரிடம் அனுப்பும் ஏற்பாடு இரண்டையும் எழுத்தில் கொடுத்தபிறகே ஒத்துக்கொண்டார்கள். 'என் சர்ச்' என்று வரும் கேள்வியை எல்லா மதத்தாருக்கும் பொருந்தும்படி மாற்றி, நிபுணர்களிடம் சான்றும் வாங்க வேண்டியிருந்தது.

பொதுமக்கள் சார்பில் இருந்த உறுப்பினர் கேட்ட இரண்டு கேள்விகளுக்கு நான் என்றும் நன்றியோடு இருப்பேன். "பெரியார் வழியில் வந்த குடும்பத்தை என்ன செய்வீங்க?" அவர்களையும் சேர்த்துக்கொண்டேன், நம்பிக்கை இல்லாதவர்கள் எதைப் பற்றிக்கொண்டு நிற்கிறார்கள் என்று தனிக் கேள்வி வைத்தேன். இரண்டாவது: "ட்யூட்டி சிஸ்டரே வந்து கேட்டா, யாரும்மா முடியாதுன்னு சொல்லுவாங்க?" எவ்வளவு உண்மை! அதனால் என் பொறுப்பில் இருக்கும் படுக்கைகளின் உறவினர்களை நான் கேட்பதில்லை. நோயாளியை ஐசியூவில் சேர்த்த முதல் 48 மணி நேரத்தில் யாரையும் கேட்பதில்லை.

கடிதம் வந்ததும் நகலை ஐசியூ பொறுப்பு சிஸ்டரிடம் கொடுத்துவிடுங்கள். இரவு ட்யூட்டி டாக்டர் ஒருவர் "இதெல்லாம் இங்கே கேட்க யார் அனுமதி கொடுத்தது?" என்று என்னிடம் பாய்ந்தார். சிஸ்டர் மேஜை டிராயரிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினார். படித்துவிட்டு, தன் நோயாளி ஒருவரின் மனைவியிடமும் பேசச் சொன்னார்.